ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், பிசாசு, செய்வினை, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் இருக்கிறதென்று சத்தியம் பண்ண மாட்டேன். என் ஷெட்டில் ஒரு எலுமிச்சம்பழம் கூடத் தொங்காது. ஆயுத பூஜைக்கு மற்றவர்கள் பூசணிக்காய் உடைத்து ரோட்டை நாறடிக்கும்போது நான் ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் போய்த் தூங்குவேன். இருபத்திரண்டு வருஷமாக இன்ஜின் வேலை பார்க்கிறேன். வண்டி ஓடவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கையால் தொட முடியும், இதுதான் என் சாமி. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் என்னைத் திருச்சிக்குப் போய் நல்ல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். நீங்கள் எந்தப் பக்கம் என்று கடைசியில் சொல்லுங்கள்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில், பேரளிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது என் ஷெட். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகிற டிப்பர்தான் எனக்குச் சோறு போடுகிறது. நாள் முழுக்க ரோட்டில் வெள்ளைத் தூசி பறக்கும், துவைத்துக் காயப்போட்ட சட்டை மறுபடி அழுக்காகித்தான் கைக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மிச்சம் புரியாது. எனக்கு அருவருப்பு ஜாஸ்தி. மெக்கானிக்குக்கு என்ன அருவருப்பு என்று கேட்பீர்கள். கிரீஸ், கரி, கழிவு ஆயில் எல்லாம் எனக்குச் சுத்தமான பொருள், அதில் முழங்கை வரை கைவிட்டுவிட்டு அப்படியே நிற்பேன். ஆனால் டீக்கடையில் எனக்குத் தனி டம்ளர், அடுத்தவர் எச்சில் பட்ட பாட்டிலைத் தொட மாட்டேன். அதிலும் முடி. ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பாரில் ஒரு முடி வந்து, அதோடு எழுந்தவன் மூன்று நாள் சாப்பிடவில்லை. என் பெண்டாட்டி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சமைப்பாள், கல்யாணமான புதிதில் இந்தச் சண்டையிலேயே இரண்டு தடவை தாய் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

போன வருஷம் புரட்டாசி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆத்தூர் பக்கத்திலிருந்து ஒரு பழைய டீசல் வேன் முன்பக்கம் ஆவி கிளப்பிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றின வேன் போல, சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மூலையில் ஒரு சின்ன கக்கூஸ் வரை வைத்து வீடாகவே ஆக்கியிருந்தார்கள். ஓட்டி வந்த தம்பி பெயர் இளவரசன், தச்சு வேலைக்காரன், உள்வேலை எல்லாம் அவனே செய்ததாம். ஜன்னலுக்கெல்லாம் தடித்த திரை போட்டிருந்தது.

"அண்ணே, கொதிக்குதுண்ணே. மூணு எடத்துல தண்ணி ஊத்திட்டேன், எங்க போவுதுன்னே தெரியல" என்றான்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சைலன்சரில் வெள்ளைப் புகை. ஆயில் அளக்கும் கம்பியை உருவினால் ஆயில் பாலாடை விழுந்த டீ நிறத்தில் கொழகொழவென்று வருகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால் தண்ணீரில் முட்டை முட்டையாகக் காற்று. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. இன்ஜினின் கீழ்ப்பாதி பிளாக், மேல்பாதி ஹெட், இரண்டுக்கும் நடுவில் ஒரு தகடு, அதுதான் கேஸ்கெட். தண்ணீர், ஆயில், நெருப்பு மூன்றும் ஒன்றோடொன்று சேராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அது விட்டுவிட்டால் எல்லாம் கலந்து சேறாகிவிடும்.

"மூணு நாள் ஆவும் தம்பி. வேற வண்டி புடிச்சுப் போய்க்கோங்க" என்றேன்.

அவன் என்னை வேனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான். "சம்சாரம் உள்ள படுத்திருக்குண்ணே. ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு வருது. கூட்டத்துல போவக் கூடாதுன்னுட்டாங்க. கார்ல போனா படுக்க முடியாது, வாந்தி வந்தா எறங்கி ஓட முடியாது. கீழப்பழுவூர்ல அது அப்பாரு விழுந்து கெடக்காரு, சோறு தண்ணி எறங்கல, மவளப் பாக்கணும், மவளப் பாக்கணும்னு ஒரே பொலம்பலாம். திங்கக்கிழம சேலத்துல அடுத்த ஊசி, அதுக்கப்பறம் ரெண்டு மாசம் வெளிய விட மாட்டாங்க. நடுவுல இந்த வாரந்தாண்ணே இருக்கு."

என் ஷெட்டிலிருந்து கீழப்பழுவூர் முழுசாக ஒரு மணி நேரம் கூட இல்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காக அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவன் பிடித்த கையைப் போய்க் கழுவினேன், அதுவும் உண்மை.

அன்றைக்கு மத்தியானமே ஹெட்டைக் கழற்றிவிட்டேன். தூக்கினதும் கெட்டுப்போன தண்ணீர் நாற்றம் முகத்தில் அடித்தது. கேஸ்கெட்டை மெல்ல உரித்தெடுத்தேன். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், குறுக்காக, ஒரு முடி கிடந்தது.

நீளமான முடி, ஒரு முழத்துக்கு மேல். கேஸ்கெட் விட்டதற்கு அதுவே போதும், அந்த இடத்தில் மயிரிழை கிடந்தாலும் தகடு ஒட்டாது, அந்த வழியாகக் காற்று கசியும், எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, எந்தப் பிரம்மகத்தி இதற்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தானோ, துடைக்காமல் மாட்டியிருக்கிறான் என்று திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த இடம் எவ்வளவு சூடாகும் தெரியுமா, இரும்பே வளையும். முடி கருகிச் சாம்பலாகியிருக்க வேண்டும். இது ஈரமாக, கறுப்பாக, எண்ணெய் தேய்த்த பளபளப்போடு கிடந்தது.

ஒருவேளை நைலான் நூலாக இருக்கும் என்று குறட்டால் தூக்கித் தீக்குச்சியைக் காட்டினேன். சுருண்டு பொசுங்கியது. அந்த நாற்றத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்த நாற்றம்தான். குழாயடிக்குப் போய் ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

ஹெட்டைப் பெரம்பலூர் லேத்துக்கு அனுப்பி முகத்தைச் சமமாகச் சீவி வாங்கினேன். பிளாக்கில் இருக்கிற தண்ணீர்த் துளை ஒவ்வொன்றிலும் ஹோஸை வைத்து அலசி, கம்ப்ரசர் காற்றை விட்டு ஊதினேன். ஒரு பக்கம் விட்ட தண்ணீர் மறுபக்கம் தடையில்லாமல் வந்தது, இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் துணியால் இரண்டு முகத்தையும் துடைத்து, புதுக் கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை வரிசைப்படி அளவு பார்த்து முறுக்கி, புதன்கிழமை சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணினேன். நன்றாகத்தான் ஓடியது. அரை மணி நேரம் கழித்து ரேடியேட்டரில் பார்த்தால், முட்டை.

நம்புங்கள், நம்பாமல் போங்கள், வியாழக்கிழமை காலை மறுபடி ஹெட்டைத் தூக்கினபோது அதே இடத்தில் மூன்று முடி கிடந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக வேர். கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய் வாசனை, டீசல் நாற்றத்தையும் மீறிக்கொண்டு மேலே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஊர்வது போல இருந்தது.

பயமில்லை, அப்போதும் பயமில்லை, சுத்தமான அருவருப்பு, அதற்கு மேலே ஆத்திரம். எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு நாளாக அந்தத் திரைக்குள் ஒருத்தி படுத்துக்கொண்டு தலையை வாருகிறாள், இன்ஜின் மூடி வேனுக்கு உள்ளேதான் இருக்கிறது, உதிர்கிற முடியெல்லாம் காற்றில் வந்து விழுகிறது, அவ்வளவுதான் சங்கதி. குறட்டில் அந்த மூன்று முடியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இளவரசனைப் பார்த்துக் கத்தினேன்.

"என்னய்யா இது? நான் இங்க கையக் கழுவிக் கழுவி வேல பாக்குறேன், உங்க சம்சாரம் உள்ள உக்காந்து மயிர உதுத்துக்கிட்டிருக்கா? தலைய அள்ளி முடியச் சொல்லுய்யா! த்தூ, கொமட்டுது எனக்கு. இப்பிடி ஒரு பொம்பளய வச்சுக்கிட்டு எப்பிடித்தான் சோறு திங்கிறியோ!"

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேனின் கதவு நகர்ந்தது. அந்தப் பெண் இறங்கி வந்தாள். நைட்டிக்கு மேலே துண்டு போட்டிருந்தாள், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். தலையில் ஒரு முடி இல்லை. மழித்த மொட்டை கூட இல்லை, மழித்தால் பச்சை ஓடியிருக்கும். இது வெறும் தோல். புருவமும் இல்லை.

"பழனிக்கு எறக்கினேன்ண்ணே" என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "வேண்டுதல்."

பழனிக்கு யாரும் புருவத்தை இறக்குவதில்லை. எனக்கு அது புரிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இரண்டு விநாடி. குறட்டைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அவள் அந்த முடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை வாயால் கெடுத்திருக்கிறேன், அன்றைக்குப் போல என் வாயே எனக்கு நாறினது கிடையாது.

இளவரசன் பிறகு சொன்னான். அவள் பெயர் தேன்மொழி. இரண்டாவது ஊசியிலேயே தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கொட்டிவிட்டது. அவள் பார்க்கக் கூடாதென்று அவனே கூட்டி அள்ளிக் கவரில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டான். இந்த வேனை வாங்கினதே அதற்கப்புறம் இரண்டு மாசம் கழித்துத்தானாம். அப்பாவுக்கு நோயைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோயிலுக்கு முடி கொடுத்தேன் என்று ஊர்க்காரர்களிடம் சொல்லிச் சமாளிக்கலாம், அப்பாவிடம் செல்லாது.

"சின்னப்புள்ளையில மொத மொட்ட போடவே நாலு பேரு அமுக்கிப் புடிச்சாங்களாம்ண்ணே. அவ்ளோ ஆச அதுக்கு முடி மேல. அவளா முடியக் குடுத்தான்னு சொன்னா அவரு நம்ப மாட்டாரு, நோவுன்னு கண்டுபுடிச்சிருவாரு. போற உசுரு அந்தக் கவலையோட போவக் கூடாதுன்னு இது அழுவுது. போவாம இருக்கவும் முடியல."

வண்டியோடு வந்ததையும் சேர்த்து மூன்றாவது கேஸ்கெட், அதை வாங்கப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன், "என்னா சாமிதொர, கேஸ்கெட்ட வறுத்துத் திங்கிறியா?" என்று கேட்டான். காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இந்தத் தடவை இரண்டு பேரையும் எதிர்ப்பக்கம் புளியமரத்து நிழலில் கட்டில் போட்டு உட்கார வைத்தேன். தலையில் துணி கட்டிக்கொண்டேன். முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினேன். முகத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன், நகத்தால் தடவிப் பார்த்தேன். மூடினேன். ஒரு மணி நேரம் ஓடியது. எனக்கே தெம்பு வந்து டீ சொல்லலாம் என்று எழுந்தேன். அப்போது இன்ஜினுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்க முடியாமல் திணறுமே, அந்தச் சத்தம்.

ஆறவிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு ஹெட்டைத் தூக்கினேன். நல்ல வெயில், ரோட்டில் டிப்பர்கள் போய்க்கொண்டிருந்தன, ஒன்றும் இருட்டு இல்லை, மறைவு இல்லை. மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் துளையிலிருந்து ஒரு முடிக்கற்றை நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

குறட்டால் பிடித்து இழுத்தேன். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. துரு, ஆயில், சளி மாதிரிச் சேறு எல்லாம் பூசிக்கொண்டு, வழவழவென்று, முழம் முழமாக. குறட்டில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் கையால் பிடித்தேன். கதகதவென்று இருந்தது. நான், சாம்பாரில் ஒரு முடிக்குப் பந்தியை விட்டு எழுந்தவன், இரண்டு கையாலும் அதை இழுத்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர் வடிகிறது, தொண்டைக்குள் காலையில் தின்ற இட்லி ஏறி ஏறி இறங்குகிறது. கடைசியில் ஒரு சின்ன இழுப்பில் முழுதும் வந்துவிட்டது. ஒரு ஆள் தலைமுடி. நான் அலசின துளை அது, ஊதின துளை, சுண்டுவிரல் கூட நுழையாத துளை.

அதைச் சாக்கின் மேல் போட்டுவிட்டு அங்கேயே வாந்தியெடுத்தேன்.

நிமிர்ந்து பார்க்கும்போது தேன்மொழி ரோட்டைத் தாண்டி வந்து சாக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். இளவரசன் பின்னால் ஓடி வந்தான். "தொடாத புள்ள, தூக்கிப் போடு, நாறுது" என்றான்.

"என் தலையில இருந்தப்ப நாறலயே" என்றாள் அவள்.

சேற்றை விரலால் வழித்துவிட்டு நுனியை விரித்துப் பார்த்தாள். நுனி மட்டும் செம்பட்டையாக இருந்தது. அவள் தங்கச்சி கல்யாணத்துக்கு மருதாணி போட்டபோது வைத்த நிறமாம், ஒரு பக்கம் மட்டும் பிடித்தது என்று அப்போது வருத்தப்பட்டாளாம். "என்னுதுதாங்க இது" என்று புருஷனிடம் சொன்னாள். பயப்படவில்லை, அழவில்லை. எங்கேயோ தொலைத்துவிட்டு இப்போது கிடைத்த பொருளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அவன்தான் இரண்டடி பின்னால் போனான். நானும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்புறம் அவள் என்னைப் பார்த்து, "அண்ணே, ஒரு வாளி குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். சோப் ஆயிலும் கொடுத்தேன். டீசல் போக முதலில் அதில் அலசினாள், பிறகு வேனுக்குள்ளிருந்து சீயக்காய்த் தூள் எடுத்து வந்து தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது, உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். இளவரசன் தொட மாட்டேன் என்று நின்றான். நான் போய் வாளிக்கு முன்னால் உட்கார்ந்தேன். காலையில் பேசின பேச்சுக்கு எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும். கையை விட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு அலசினேன். நாலு வாளித் தண்ணீர் மாற்றினேன். அவள் சுவரில் சாய்ந்தபடி, "அழுத்திக் கசக்காதீங்கண்ணே, சிக்கு விழும்" என்று மட்டும் சொன்னாள். வேனின் பக்கக் கண்ணாடியில் தொங்கவிட்டுக் காயவைத்தோம். ரோட்டில் போன டிப்பர்க்காரன் ஒருத்தன் அதைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

அன்றைக்கே நாலாவது கேஸ்கெட் போட்டேன். பிடித்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன், ஒரு முட்டை இல்லை, ஒரு சொட்டுக் குறையவில்லை. நான் வித்தியாசமாக ஒன்றும் செய்யவில்லை, அதே கம்பெனித் தகடு, அதே முறுக்கு.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினார்கள். அவள் அந்த முடியை மஞ்சள் பையில் வைத்து மடியில் பிடித்திருந்தாள். நூல் சேர்த்துச் சவுரியாகக் கட்டிக்கொண்டு அப்பா முன்னால் போய் நிற்கப்போகிறாள் என்று இளவரசன் சொன்னான். "இதெல்லாம் வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்குதுண்ணே" என்றான். அவன் முகத்தில் இருந்த அருவருப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த அருவருப்பு, முந்தின நாள் காலை என் முகத்தில் இருந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத் திரும்பி வரும்போது ஷெட்டில் நிறுத்தினார்கள். தண்ணீர், ஆயில் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தேன்மொழி புடவை கட்டியிருந்தாள். புருவத்தை மையால் வரைந்திருந்தாள். இடுப்பு வரை பின்னல், அதில் கனகாம்பரம்.

"அப்பா கையத் தூக்கித் தலையத் தடவுனாருண்ணே" என்றாள். "நல்லா இருக்கியா தாயின்னு கேட்டாரு. எனக்கென்ன, மாடாட்டம் இருக்கேன்னேன். நான் ஊட்டி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாரு. இன்னைக்கு விடியக்காலத்துல ஒரு இட்லி தின்னாரு."

ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "சவுரி நல்லா ஒக்காந்துருக்கும்மா, வித்தியாசமே தெரியல" என்றேன்.

அவள் சிரித்தாள். முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இழுத்துப் பாருங்கண்ணே" என்றாள்.

நான் தயங்கினேன்.

"இன்னும் கொமட்டுதா?"

அந்தக் கேள்விக்கப்புறம் சும்மா நிற்க முடியுமா. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னலைப் பிடித்து இழுத்தேன், கொஞ்சம் அழுத்தமாகவே இழுத்தேன். "ஆ! வலிக்குதுண்ணே" என்று தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டே போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

இளவரசன் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "வெள்ளிக்கெழம நான்தாண்ணே கருப்பு நூல் போட்டுக் கட்டிவிட்டேன். துணியில தச்சுத்தான் தலையில மாட்டினேன். இன்னைக்குக் காலையில அவுக்கப் போனேன். துணியும் இல்ல, நூலும் இல்ல, அவுக்க வரல." அவ்வளவுதான் சொன்னான். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவன் போன் பண்ணவில்லை. நம்பர் என்னிடம் இருக்கிறது, நானும் பண்ணவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள் என்று கேட்டாலும் சரி, இல்லை என்று கேட்டாலும் சரி, அடுத்த கேள்வியை என்னால் கேட்க முடியாது.

அவள் விளையாட்டுக்கு வலிக்கிறது என்று சொல்லியிருப்பாள், அவன் பயத்தில் உளறியிருப்பான், இதைத்தான் நீங்களும் சொல்வீர்கள், என் பெண்டாட்டியும் இதைத்தான் சொல்கிறாள். சரி என்றுதான் நானும் தலையாட்டுகிறேன். ஆனால் இழுத்தபோது நான் பார்த்ததைப் பெண்டாட்டியிடம் இதுவரை சொல்லவில்லை. பின்னல் விறைத்ததும் தேன்மொழியின் காதுக்கு மேலே இருந்த தோல், வியாழக்கிழமை வெயிலில் ஒரு மயிர்க்கால் கூட இல்லாமல் நான் கண்ணால் பார்த்த தோல், முடியோடு சேர்ந்து மேலே எழும்பி வந்தது. நான் கையை விட்டதும் மெல்லப் படிந்தது.